பயன்படுத்தாத யூனிட்டுக்குப் பணம்: கலிபோர்னியாவின் மின்தள்ளுபடிகளும் அவற்றின் கணக்கும்

2022ஆம் ஆண்டுக் கோடையில் கலிபோர்னியாவின் மூன்று பெரிய தனியார் மின் நிறுவனங்களின் வீட்டு வாடிக்கையாளர்களுக்கு ஒரு புதிய வாய்ப்பு அறிவிக்கப்பட்டது. மாநிலத்தின் மின்கட்டமைப்பு தட்டுப்பாட்டை நெருங்கும் மாலைகளில் வழக்கத்தைவிடக் குறைவாக மின்சாரம் செலவிடும் வீடுகளுக்கு, குறைத்த ஒவ்வொரு யூனிட்டுக்கும் 2 டாலர் வீதம் கட்டணத்தில் கழித்துத் தரப்படும் என்பதே அது. அதே ஆண்டில் அம்மாநில வீடுகள் ஒரு யூனிட்டுக்குக் கொடுத்த சராசரி விலை ஏறக்குறையக் கால் டாலர்தான். ஒரு பொருளை விற்றுக் கால் டாலர் பெறுகிறவர், அதை வாங்காமல் இருப்பவருக்கு எட்டு மடங்கு பணம் தர முன்வருகிறார்.

இத்தகைய திட்டங்களைப் பற்றிய செய்திகளைப் படிக்கிறவர்களுக்கு இரண்டு சந்தேகங்கள் எழுவது இயல்பு. விற்கிறவரே ஏன் வாங்க வேண்டாம் என்கிறார்? வாங்காததை அவர் எப்படி அளக்கிறார்? முதல் கேள்விக்கு விடை உண்டு, அது அவ்வளவு சிக்கலானதும் அல்ல. இரண்டாவது கேள்விக்கு இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பல விடைகள் முயன்று பார்க்கப்பட்டுள்ளன. எதுவும் முழுமையாகப் பொருந்தவில்லை. ஒரு தள்ளுபடித் திட்டம் பயன் தருமா, வீண்செலவாகுமா என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் அந்த இரண்டாவது கேள்விதான்.

யூனிட்டும் கிலோவாட்டும்

மின்கட்டணத்தில் யூனிட் என்று நாம் சொல்வது ஒரு கிலோவாட் மணி. ஆயிரம் வாட் இழுக்கும் கருவி ஒரு மணி நேரம் தொடர்ந்து ஓடினால் ஒரு யூனிட் செலவாகும். யூனிட் என்பது மொத்தமாகச் செலவான அளவு. கிலோவாட் என்பது அந்தந்தக் கணத்தில் இழுக்கப்படும் அளவு. வீட்டுக்காரருக்கு யூனிட் முக்கியம், ஏனென்றால் கட்டணம் அதற்குத்தான். மின்கட்டமைப்பை இயக்குகிறவருக்கோ கிலோவாட்தான் முக்கியம். உற்பத்தியும் பயன்பாடும் ஒவ்வொரு நொடியும் சமமாக இருந்தாக வேண்டும். பயன்பாடு மிஞ்சினால் மின்னோட்டத்தின் அதிர்வெண் விழும். அது ஓர் எல்லைக்குக் கீழே போனால் மின்நிலையங்கள் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமாகவே கழன்றுகொள்ளும். ஒன்று கழன்றால் மற்றவற்றின் சுமை கூடி அவையும் கழலும். இப்படி மாநிலம் முழுவதும் இருண்டு போவதைத் தவிர்க்கவே, பகுதி பகுதியாக முறை வைத்து நிறுத்தும் சுழற்சி மின்வெட்டு கடைசி ஆயுதமாகப் பயன்படுகிறது.

ஆகவே, காலை 11 மணிக்கு மிச்சப்படுத்தும் ஒரு யூனிட்டும் இரவு 7 மணிக்கு மிச்சப்படுத்தும் ஒரு யூனிட்டும் மீட்டரில் ஒன்றாகத் தெரிந்தாலும், கட்டமைப்பின் கணக்கில் அவை இரு வேறு பொருள்கள். இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு வகுக்கப்பட்ட திட்டங்களே பணத்தை அதிகம் வீணாக்கியிருக்கின்றன.

விற்பவர் வேண்டாம் என்று சொல்லும் நேரம்

1. வீட்டுக்கு விற்கும் விலை ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிப்பது. பல மாதங்களுக்கு மாறாதது. ஆனால் விநியோக நிறுவனம் வாங்கும் மொத்தச் சந்தையில் விலை நிமிடக் கணக்கில் மாறுகிறது. கலிபோர்னியாவின் மொத்தச் சந்தையில் விலை கேட்புக்கு மெகாவாட் மணிக்கு 2000 டாலர் என்ற உச்சவரம்பு உண்டு. ஒரு மெகாவாட் மணி என்பது 1000 யூனிட். எனவே அந்த வரம்பு யூனிட்டுக்கு 2 டாலர் ஆகிறது. மேலே சொன்ன தள்ளுபடியும் அதே தொகை என்பதைக் கவனித்தால், அதைத் தாராள மனத்தின் வெளிப்பாடாகக் கருத வேண்டியதில்லை. சந்தையில் 2 டாலர் கொடுத்து வாங்கிக் கால் டாலருக்கு விற்பதைவிட, வாங்காதவருக்கு அந்த 2 டாலரைக் கொடுப்பதில் செலவு கூடப்போவதில்லை.

2. ஆண்டில் மிகச் சில மணி நேரங்களுக்கு மட்டுமே தேவை உச்சத்தைத் தொடுகிறது. அந்தச் சில மணி நேரங்களுக்காகவே எரிவாயு மின்நிலையங்களைக் கட்டி, ஆண்டு முழுவதும் பராமரிக்க வேண்டியிருக்கிறது. உச்சத்தைச் சிறிது குறைத்தால் அந்த முதலீட்டில் ஒரு பகுதியைத் தவிர்க்கலாம்.

3. சூரிய மின்சாரம் பெருகிய பிறகு, தட்டுப்பாடு நண்பகலில் வருவதில்லை. பொழுது சாயும்போது சூரிய உற்பத்தி சரிகிறது; அதே நேரத்தில் மக்கள் வீடு திரும்பி ஏசியைப் போடுகிறார்கள். இதனால் கலிபோர்னியாவில் மாலை 4 மணி முதல் 9 மணி வரை உள்ள நேரமே இப்போது நெருக்கடியான நேரம்.

இவற்றோடு அம்மாநிலத்துக்கே உரிய ஒரு சட்ட ஏற்பாட்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அங்கே 1982 முதல் மின் நிறுவனத்தின் அனுமதிக்கப்பட்ட வருவாய் அது விற்கும் யூனிட்டுகளிலிருந்து பிரித்து வைக்கப்பட்டது. விற்பனை குறைந்தால் அடுத்த ஆண்டுக் கட்டணத்தில் அந்தக் குறை ஈடுசெய்யப்படும். தொண்ணூறுகளின் சந்தைச் சீர்திருத்தத்தின்போது கைவிடப்பட்ட இந்த ஏற்பாடு 2001இல் சட்டத்தின் மூலம் மீண்டும் வந்தது. இது இல்லாத இடங்களில், குறைவாகப் பயன்படுத்துமாறு ஒரு நிறுவனம் வாடிக்கையாளரைக் கேட்பது தன் வருமானத்தையே குறைத்துக்கொள்வதாகும். ஆகவே அத்தகைய வேண்டுகோள்கள் பெரும்பாலும் சடங்காகவே நின்றுவிடும்.

2001: இருபதுக்கு இருபது

கலிபோர்னியாவின் முதல் பெரிய வீட்டுத் தள்ளுபடித் திட்டம் ஒரு நெருக்கடியின் நடுவே பிறந்தது. 1996இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி மொத்தச் சந்தை திறந்துவிடப்பட்டது. சில்லறை விலை மட்டும் உறைந்தே இருந்தது. 1999இல் மெகாவாட் மணிக்கு ஏறக்குறைய 30 டாலராக இருந்த மொத்த விலை, 2000ஆம் ஆண்டு டிசம்பரில் 300 டாலரைத் தாண்டியது. வறட்சியால் நீர்மின்சாரம் குறைந்தது ஒரு காரணம். என்ரான் உள்ளிட்ட வணிக நிறுவனங்கள் சந்தை விதிகளின் ஓட்டைகளில் புகுந்து விளையாடியது இன்னொரு காரணம். சில்லறை விலை ஏற்கெனவே விடுவிக்கப்பட்டிருந்த சான் டியாகோவில் 2000ஆம் ஆண்டுக் கோடையிலேயே வீட்டுக் கட்டணங்கள் இரட்டிப்புக்கும் மேலாயின. 2001 ஜனவரியில் வட கலிபோர்னியாவில் சுழற்சி மின்வெட்டு தொடங்கியது. ஏப்ரலில் மாநிலத்தின் மிகப்பெரிய மின் நிறுவனமான பசிபிக் கேஸ் அண்ட் எலக்ட்ரிக் திவால் மனு கொடுத்தது.

கட்டணத்தை உயர்த்தினால் பயன்பாடு குறையும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. ஆளுநர் கிரே டேவிஸ் அதை விரும்பவில்லை. இறுதியில் ஒழுங்குமுறை ஆணையம் அந்த மார்ச் மாதத்திலேயே கட்டண உயர்வுக்கு ஒப்புதல் கொடுத்தது வேறு கதை. அவர் முன்வைத்த மாற்று வழிதான் இருபதுக்கு இருபது: 2001ஆம் ஆண்டுக் கோடை மாதங்களில், முந்தைய ஆண்டின் அதே மாதத்தைவிட 20 சதவீதம் குறைவாகப் பயன்படுத்தும் வீட்டுக்கு, அந்த மாதக் கட்டணத்தில் 20 சதவீதம் தள்ளுபடி. விலையேற்றத்தால் ஏற்கெனவே சிக்கனத்துக்கு வந்துவிட்ட சான் டியாகோ மக்களுக்கு மட்டும் இலக்கு 15 சதவீதமாகத் தளர்த்தப்பட்டது. விண்ணப்பம் தேவையில்லை, தகுதி பெற்றால் தள்ளுபடி தானாகவே கட்டணத்தில் கழியும். பத்தே சொற்களில் சொல்லிவிடக்கூடிய இந்த எளிமைதான் அதன் பலம். அரசியல்வாதிகளுக்கு அது பிடித்துப்போனதிலும் வியப்பில்லை.

ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வீடுகள் தள்ளுபடி பெற்றன. அந்தக் கோடையில், பலரும் அஞ்சியதற்கு மாறாக, சுழற்சி மின்வெட்டு வரவில்லை. திட்டம் வெற்றி என்று அறிவிக்கப்பட்டது. 2002இலும் 2005இலும் மீண்டும் கொண்டுவரப்பட்டது.

ஆனால் அந்தக் கோடையில் நடந்தது தள்ளுபடி மட்டும் அல்ல. கட்டணம் உயர்ந்தது. தொலைக்காட்சியில் சிக்கனப் பிரசாரம் இடைவிடாமல் ஓடியது. பொருளாதாரம் தளர்ந்திருந்தது. ஜூன் மாதத்தில் அமெரிக்க மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் மொத்த விலைக்குக் கட்டுப்பாடு விதித்தது. இவற்றில் எது எவ்வளவு குறைத்தது என்று பிரித்துச் சொல்ல, தள்ளுபடி பெற்றவர்களின் எண்ணிக்கை மட்டும் போதாது.

அளக்க முடியாத ஒன்றின் விலை

இங்கேதான் விஷயத்தின் முடிச்சு இருக்கிறது. மீட்டர் காட்டுவது ஒரு வீடு பயன்படுத்திய மின்சாரத்தை. தள்ளுபடி கொடுக்கப்படுவது அந்த வீடு பயன்படுத்தாத மின்சாரத்துக்கு. பயன்படுத்தாததை எந்தக் கருவியும் அளக்காது. எனவே, திட்டம் இல்லாதிருந்தால் அந்த வீடு எவ்வளவு பயன்படுத்தியிருக்கும் என்று ஒரு மதிப்பை முதலில் ஊகித்துக்கொண்டு, அதிலிருந்து மீட்டர் காட்டுவதைக் கழிக்கிறார்கள். அந்த ஊக மதிப்புக்கு அடிப்படை அளவு என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். குறைப்பு என்பது அடிப்படை அளவுக்கும் மீட்டர் அளவுக்கும் உள்ள வித்தியாசம். அதில் பாதி மட்டுமே அளந்து பெற்றது, மறுபாதி கற்பனை. ஒரு மளிகைக் கடைக்காரர், இந்த மாதம் ஐந்து கிலோ அரிசி குறைவாக வாங்கியவருக்கெல்லாம் பரிசு என்று அறிவித்தால், ஊருக்குப் போயிருந்த குடும்பமும் வந்து வரிசையில் நிற்கும். உண்மையிலேயே வயிற்றைக் கட்டியவரையும் அவரையும் பிரித்தறியக் கடைக்காரரிடம் கணக்குப் புத்தகத்தைத் தவிர வேறொன்றும் இருக்காது.

இருபதுக்கு இருபது திட்டத்தில் அடிப்படை அளவு என்பது சென்ற ஆண்டின் அதே மாதப் பயன்பாடு. அதனால் விளைந்த கோளாறுகள் சில:

1. எந்த முயற்சியும் இல்லாமலே வீடுகளின் பயன்பாடு ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்கும். மகள் கல்லூரி விடுதிக்குப் போயிருக்கலாம். பழைய குளிர்பதனப் பெட்டி கெட்டுப் புதியது வந்திருக்கலாம். சென்ற ஆண்டு வந்து தங்கிய விருந்தினர் இந்த ஆண்டு வராமல் இருக்கலாம். இலட்சக்கணக்கான வீடுகளில் கணிசமானவை இப்படித் தற்செயலாகவே 20 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிடும். அவர்களுக்குக் கொடுத்த தள்ளுபடியால் ஒரு யூனிட்கூட மிச்சமாவதில்லை.

2. சென்ற ஆண்டு தாறுமாறாகச் செலவிட்டவருக்கு இலக்கு எளிது. முன்பே சிக்கனமாக இருந்தவருக்குக் குறைக்க ஒன்றும் மிச்சமில்லை. திட்டம் பாராட்ட வேண்டியவரை விட்டுவிட்டு மற்றவருக்குப் பரிசு கொடுக்கிறது.

3. 20 சதவீதம் என்பது ஒரு கோடு. 19 சதவீதம் குறைத்தவருக்கு ஒன்றும் இல்லை; 20 சதவீதம் குறைத்தவருக்கு முழுக் கட்டணத்திலும் தள்ளுபடி. வெப்பம் மிகுந்த ஜூலை மாதத்தின் நடுவில் தன் பயன்பாடு சென்ற ஆண்டைவிட 5 சதவீதம் கூடியிருப்பதைக் காணும் ஒருவர், எட்ட முடியாத இலக்கு என்று கைவிட்டுவிடுவார். அதன் பிறகு அவருக்கு ஒரு விளக்கை அணைக்கவும் காரணமில்லை.

4. மாதம் முழுவதற்குமான மொத்த யூனிட்டே கணக்கில் வருவதால், நள்ளிரவில் குறைத்தாலும் நெருக்கடியான மாலையில் குறைத்தாலும் பலன் ஒன்றே. கட்டமைப்புக்குத் தேவையானது இரண்டாவது மட்டும்தான்.

இவற்றில் மூன்றாவது வெறும் அனுமானம் அல்ல. பொருளாதார அறிஞர் கொய்ச்சிரோ இட்டோ 2005ஆம் ஆண்டுத் திட்டத்தின் கட்டணப் பதிவுகளை ஆராய்ந்து 2015இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது. முந்தைய ஆண்டில் ஒரு குறிப்பிட்ட தேதிக்கு முன் இணைப்புப் பெற்றிருந்த வீடுகளே திட்டத்துக்குத் தகுதி பெற்றன. அந்தத் தேதிக்குச் சற்று முன்னும் சற்றுப் பின்னும் குடிவந்தவர்கள் மற்ற எல்லா வகையிலும் ஒரே மாதிரியானவர்கள். ஒரு தரப்புக்குத் தள்ளுபடி வாய்ப்பு உண்டு, மறுதரப்புக்கு இல்லை. ஆகவே இரு தரப்பையும் ஒப்பிட்டால் தள்ளுபடியின் தனி விளைவு தெரிந்துவிடும். வெயில் கடுமையான உள்நாட்டுப் பகுதிகளில் பயன்பாடு 4 சதவீத அளவுக்குக் குறைந்திருந்தது. பசிபிக் கடற்கரையை ஒட்டிய மிதமான வானிலைப் பகுதிகளில் விளைவு ஏறக்குறையச் சுழியம். இலக்குக் கோட்டின் அருகில் இருந்தவர்களே முயன்றார்கள், எட்டத்தில் இருந்தவர்கள் கைவிட்டார்கள் என்பதும் தரவுகளில் தெரிந்தது. கடற்கரைப் பகுதியிலும் தள்ளுபடி பெற்றவர்கள் ஏராளமாக இருந்தார்கள் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்; அவர்களுக்குப் போன பணம் பெரும்பாலும், திட்டம் இல்லாவிட்டாலும் நடந்திருக்கக்கூடியதற்குக் கொடுத்த பணம்.

மணி குறித்த தள்ளுபடி

ஸ்மார்ட் மீட்டர்கள் வந்த பிறகு, மாத மொத்தத்தை விட்டுவிட்டு மணிக் கணக்கில் அளக்க முடிந்தது. நாளை மாலை இந்த நேரம் முதல் இந்த நேரம் வரை குறையுங்கள் என்று முன்கூட்டியே செய்தி அனுப்பி, அந்த நேரத்துக்கு மட்டும் தள்ளுபடி தருவது உச்சநேரத் தள்ளுபடி எனப்படும். பால்டிமோரின் மின் நிறுவனம் 2013 முதல் யூனிட்டுக்கு 1.25 டாலர் வீதம் இப்படிக் கொடுத்தது. சான் டியாகோ நிறுவனம் 2012இல் 75 சென்ட் கொடுத்தது. பிரிட்டனில், எரிவாயுத் தட்டுப்பாடு அச்சுறுத்திய 2022–23 குளிர்காலத்தில், மின்கட்டமைப்பை இயக்கும் நிறுவனம் சோதனை நாட்களில் யூனிட்டுக்கு 3 பவுண்டு உறுதியளித்தது. வெவ்வேறு மின் விற்பனை நிறுவனங்கள் அதில் ஒரு பகுதியை வீடுகளுக்குப் பங்கிட்டன. அங்கே 22 முறை அழைப்பு விடுக்கப்பட்டது. 16 இலட்சம் வீடுகளும் வணிகங்களும் கலந்துகொண்டன. மொத்தக் குறைப்பு 3300 மெகாவாட் மணிக்குச் சற்று மேல். வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு ஏறக்குறைய இரண்டு யூனிட், அதுவும் குளிர்காலம் முழுவதற்கும். ஒரு வீட்டின் சேமிப்பாகப் பார்த்தால் இது அற்பம்தான். ஆனால் அந்த இரண்டு யூனிட்டும் சரியான மணி நேரங்களில் குறைந்தவை என்பதே அதன் மதிப்பு. இத்தகைய திட்டங்களைச் சுற்றுச்சூழல் சிக்கனமாக விளம்பரப்படுத்துவது தவறான எதிர்பார்ப்பை உண்டாக்கும். துணி துவைப்பது இரவு 10 மணிக்குத் தள்ளிப்போகிறதே தவிர, துவைக்காமல் விடப்படுவதில்லை.

மணிக்கணக்கு வந்ததால் அடிப்படை அளவின் சிக்கல் தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. வடிவம் மாறியிருக்கிறது. இப்போது பரவலாக உள்ள முறை, அழைப்பு இல்லாத முந்தைய பத்து வேலை நாட்களில் அதே மணி நேரத்தில் அந்த வீடு பயன்படுத்தியதன் சராசரியை எடுத்துக்கொள்வது. சில இடங்களில் ஐந்து நாட்களில் அதிகமான மூன்றின் சராசரி. எளிதாகத் தோன்றும் இந்த இரண்டும் எதிரெதிர்த் திசையில் பிழை செய்கின்றன.

முதலாவதில், அழைப்பு வரும் நாள் என்பது இயல்பாகவே முந்தைய பத்து நாட்களைவிட வெப்பமான நாள். வெப்பமாக இருப்பதால்தான் அழைப்பே வருகிறது. அன்று ஏசி கூடுதலாக ஓடியிருக்க வேண்டும். ஒரு குடும்பம் வியர்வையோடு உட்கார்ந்து ஏசியைப் பாதியாகக் குறைத்தாலும், அது குளிர்ந்த நாட்களின் சராசரியை எட்டுவதற்கே போதாமல் போகலாம். கணக்கில் குறைப்பு சுழியம் என்று வரும். இதைச் சரிசெய்ய, அழைப்பு நாளின் முற்பகல் அல்லது பிற்பகல் பயன்பாட்டை வைத்து அடிப்படை அளவை ஏற்றி இறக்கும் திருத்தம் சில திட்டங்களில் உண்டு. அது இன்னொரு வாசலைத் திறந்துவிடுகிறது: அழைப்பு நேரத்துக்கு முன் எல்லாவற்றையும் போட்டு ஓடவிட்டால் அடிப்படை அளவு உயரும்.

இரண்டாவதில், அதிகமான நாட்களை மட்டும் பொறுக்கி எடுத்த சராசரி எப்போதும் வழக்கமான பயன்பாட்டைவிட மேலேதான் நிற்கும். ஒன்றும் செய்யாதவரும் அதற்குக் கீழே இருப்பார், தள்ளுபடி பெறுவார். சான் டியாகோவில் ஸ்மார்ட் மீட்டர் உள்ள எல்லா வீடுகளையும் கேட்காமலே திட்டத்தில் சேர்த்தபோது இதுதான் நடந்தது. எச்சரிக்கைச் செய்தி வேண்டும் என்று பதிவு செய்துகொண்டவர்கள் உண்மையில் குறைத்தார்கள். மற்றவர்களிடம் குறிப்பிடத்தக்க குறைப்பு தென்படவில்லை, ஆனால் தள்ளுபடி அவர்களுக்கும் போய்ச் சேர்ந்தது. பிற்பாடு பதிவு செய்தவர்களுக்கு மட்டும் என்று விதி மாற்றப்பட்டது.

அடிப்படை அளவை உயர்த்தும் கலை

தள்ளுபடி இரு வழிகளில் கூடும்: மீட்டர் அளவைக் குறைப்பது ஒன்று, அடிப்படை அளவை உயர்த்துவது மற்றொன்று. இரண்டாவது பல நேரங்களில் எளிது. டிஸ்னிலேண்ட் அமைந்துள்ள அனாஹெய்ம் நகரத்தின் மின்துறை 2005ஆம் ஆண்டுக் கோடையில் நூற்றுச் சொச்சம் வீடுகளை மட்டும் வைத்து ஒரு சோதனை நடத்தியது. குறைத்த யூனிட்டுக்கு 35 சென்ட் தள்ளுபடி. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் பிராங்க் வோலாக் அதை ஆராய்ந்தபோது, அழைப்பு நாட்களின் உச்ச நேரத்தில் பயன்பாடு சராசரியாக 12 சதவீதம் குறைந்திருந்ததைக் கண்டார். அதே நேரத்தில், அடிப்படை அளவைக் கணக்கிடப் பயன்படும் மற்ற நாட்களில் அந்த வீடுகள் கூடுதலாகச் செலவிட்டதற்கான அறிகுறிகளும் இருந்தன.

வீடுகளைவிடப் பெரிய வாடிக்கையாளர்கள் இதில் துணிச்சலானவர்கள். பால்டிமோரின் பேஸ்பால் மைதானத்தில் பட்டப்பகலில் மின்விளக்குகளை எரியவிட்டு அடிப்படை அளவை ஏற்றிக் காட்டிய விவகாரமும், மெய்ன் மாநிலத்தின் காகித ஆலைகள் அடிப்படை அளவு கணக்கிடப்படும் நாட்களில் தம் சொந்த ஜெனரேட்டர்களைக் குறைத்து ஓட்டி வெளியிலிருந்து கூடுதல் மின்சாரம் வாங்கிய விவகாரமும் மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் நடவடிக்கைக்கு உள்ளாயின. இவற்றை நேர்மையின்மை என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. கற்பனை அளவுக்குப் பணம் கொடுக்கும் எந்த ஏற்பாடும் அந்தக் கற்பனையை ஊதிப் பெரிதாக்கத் தூண்டும் என்பதைத் திட்டம் வகுக்கிறவர்கள் முன்பே எதிர்பார்த்திருக்க வேண்டும்.

பணம் இல்லாமலே குறைந்த மாலை

2022 செப்டம்பர் 6 அன்று கலிபோர்னியாவின் மின்தேவை 52,061 மெகாவாட்டைத் தொட்டது. அம்மாநில வரலாற்றில் அதுவே உச்சம். 2020 ஆகஸ்டில் ஏற்பட்டதைப் போன்ற சுழற்சி மின்வெட்டு உறுதி என்ற நிலையில், மாலை 5.45 மணிக்கு மாநில அவசரச் சேவைத் துறை பல மாவட்டங்களின் கைபேசிகளுக்கு, நிலநடுக்கம், காட்டுத்தீ போன்றவற்றுக்குப் பயன்படும் அதே அவசர ஒலியோடு, உடனே மின்சாரத்தைக் குறைக்கும்படி ஒரு குறுஞ்செய்தி அனுப்பியது. ஒரு மணி நேரத்துக்குள் தேவை சுமார் 2000 மெகாவாட் சரிந்தது. மாநில அளவிலான சுழற்சி மின்வெட்டுக்கு உத்தரவிட வேண்டிய தேவை எழவில்லை.

அந்தக் குறுஞ்செய்தியில் தள்ளுபடி பற்றி ஒரு சொல்லும் இல்லை. 2 டாலர் திட்டத்தில் சேர்ந்திருந்தவர்களும் அந்தக் குறைப்பில் பங்கு கொண்டிருக்கலாம். ஆனால் அந்தச் சரிவின் வேகமும் நேரமும் செய்தியின் விளைவையே சுட்டுகின்றன. இதை வைத்துப் பணமே தேவையில்லை என்று முடிவு கட்டுவதும் சரியல்ல. அவசர ஒலி வாரந்தோறும் கேட்டால் யாரும் அதைப் பொருட்படுத்த மாட்டார்கள். ஆண்டுக்கு ஒரு நாள் வரும் ஆபத்துக்குக் குறுஞ்செய்தி போதும். கோடைதோறும் பத்துப் பதினைந்து மாலைகளில் வரும் நெருக்கடிக்கு வேறு ஏற்பாடு வேண்டும்.

தள்ளுபடிப் பணம் எங்கிருந்து வருகிறது

பெரும்பாலும் மற்ற வாடிக்கையாளர்களிடமிருந்து. திட்டச் செலவு ஒழுங்குமுறை ஆணையத்தின் ஒப்புதலோடு பொதுக் கட்டணத்தில் சேர்க்கப்படும். உண்மையான குறைப்பு மலிவாகக் கிடைத்தால் எல்லோருக்கும் இலாபம். விலையுயர்ந்த மின்சாரத்தை வாங்க வேண்டியதில்லை. தற்செயலான குறைப்புக்குப் பணம் போனால், ஏசியே இல்லாத வாடகை வீட்டுக்காரர், மூன்று ஏசியும் மின்கார் சார்ஜரும் வைத்திருப்பவருக்குப் படியளக்கிறார் என்று பொருள். குறைப்பதற்கு நிறைய வைத்திருப்பவரால்தான் நிறையக் குறைக்க முடியும். இந்தத் திட்டங்களின் சாய்வு அந்தப் பக்கமே.

பொருளாதார வல்லுநர்கள் பலர் தள்ளுபடிக்குப் பதிலாக நேரத்துக்கு ஏற்ற விலையைப் பரிந்துரைப்பதன் காரணம் இதுவே. மாலையில் யூனிட் விலை கூடுதல், நண்பகலில் குறைவு என்று வைத்துவிட்டால் அடிப்படை அளவே தேவையில்லை. பயன்படுத்தியதற்கு மட்டும் விலை, அது மீட்டரில் உள்ளது. கலிபோர்னியாவில் இது இப்போது இயல்பான கட்டண முறையாகிவிட்டது. ஆனால் விலையேற்றம் என்று கேட்டால் மக்கள் கொதிக்கிறார்கள், தள்ளுபடி என்றால் கைதட்டுகிறார்கள். தேர்தலில் நிற்கிறவர்கள் எதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்தியாவில் வந்தால்

மத்திய அரசு 2023 ஜூன் மாதத்தில் மின் நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தி, இந்த இரண்டு பாதைகளில் விலைப் பாதையைத் தேர்ந்தெடுத்தது. சூரிய மின்சாரம் கிடைக்கும் நேரத்தில் சாதாரணக் கட்டணத்தைவிடக் குறைந்தது 20 சதவீதம் மலிவாகவும், உச்ச நேரத்தில் வணிக, தொழில் இணைப்புகளுக்குக் குறைந்தது 1.2 மடங்காகவும் மற்றவர்களுக்குக் குறைந்தது 1.1 மடங்காகவும் விலை இருக்க வேண்டும் என்பது விதி. 10 கிலோவாட்டுக்கு மேற்பட்ட வணிக, தொழில் இணைப்புகளுக்கு 2024 ஏப்ரல் 1 முதல். வேளாண்மை நீங்கலாக ஏனையோருக்கு 2025 ஏப்ரல் 1 முதல். ஆனால் ஸ்மார்ட் மீட்டர் பொருத்திய பிறகுதான் அது ஒரு வீட்டைத் தொடும்.

தமிழ்நாட்டு வீடுகளின் பெரும்பாலான மீட்டர்கள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆள் வந்து எண்ணைக் குறித்துக்கொண்டு போகும் வகையைச் சேர்ந்தவை. அதில் இரவு 7 மணியும் காலை 11 மணியும் கலந்தே கிடக்கின்றன; மணி குறித்த தள்ளுபடியையோ மணி குறித்த விலையையோ அதில் கணக்கிட வழியே இல்லை. ஆயினும் இருபதுக்கு இருபது திட்டத்தில் இருந்ததைப் போன்ற ஒரு கோடு இங்கே பல ஆண்டுகளாகவே இருக்கிறது. இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுகளுக்கு உயர்ந்த விலை விழுவதோடு, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கான அரசு மானியமும் போய்விடும். 503இல் நிற்கும் வீட்டுக்கு ஐந்து யூனிட் மிச்சப்படுத்துவதில் பெருத்த இலாபம்; 700இல் நிற்கும் வீட்டுக்கு அதே ஐந்து யூனிட்டால் பெரிய மாற்றமில்லை. அளவெடுக்க வரும் நாள் ஓரிரு நாள் தள்ளிப்போனால் கோட்டைத் தாண்டிவிடுவோமோ என்று மக்கள் கவலைப்படுவதும் அதனால்தான்.

இத்தனைக்கும் இந்தக் கோட்டுக்கு அடிப்படை அளவு தேவைப்படுவதில்லை. சென்ற ஆண்டு எவ்வளவு செலவிட்டோம் என்பது கணக்கில் வருவதில்லை. ஆகவே ஊதிக் காட்டவும் ஒன்றுமில்லை. அது கண்டுகொள்ளாமல் விடுவது நேரத்தை. 500க்குள் நிற்க முயலும் குடும்பம், சூரிய மின்சாரம் தாராளமாகக் கிடைக்கும் நண்பகலில் மின்விசிறியை அணைத்துவிட்டு, கட்டமைப்பு திணறும் இரவு 7 மணிக்கு ஏசியைப் போட்டாலும் கட்டணச் சீட்டில் அது சிக்கனமாகவே பதிவாகும்.